மச்சத்துக்கும் மோலுக்கும் என்ன உறவு?

பதினோராம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "வேதியியலில் மோல் என்றால் ஓர் அளவு. ஆங்கில அகராதியில் அதே சொல்லைத் தேடினால் மச்சம் என்கிறது, அகழெலி என்கிறது, துறைமுகச் சுவர் என்கிறது, ஒற்றன் என்கிறது. ஒரே சொல்லுக்கு எப்படி சார் இத்தனை அர்த்தம்?"

ஒரே சொல்லாக இருந்தால்தானே? இவை வெவ்வேறு இடங்களில் பிறந்து ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து குடியேறிய சொற்கள். ஒற்றன் மட்டும் அகழெலியின் வாரிசு: மண்ணுக்கடியில் கண்ணில் படாமல் வேலை பார்ப்பவன். மெக்சிகோக்காரர்களின் 'மோலே' குழம்பும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளில்தான் எழுதப்படுகிறது. அது மெக்சிகோவின் பழங்குடி மொழியான நஹுவாட்லின் 'மோல்லி'. அவகாடோ பழத்தை மசித்துச் செய்யும் குவாக்கமோலேயின் வாலில் இருப்பதும் அதுதான். சரி, அது இருக்கட்டும். மச்சத்துக்கு வருவோம்.

பழைய ஆங்கிலத்தில் இதன் பெயர் 'மால்'. புள்ளி, கறை என்று பொருள். ஜெர்மன் மொழியில் பிறவி மச்சம் இன்றும் 'முட்டர்மால்'தான். அந்த மால் ஆங்கிலத்தில் மட்டும் எப்படி மோல் ஆனது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'ஆ' என்று இழுத்துச் சொல்லுங்கள். நிறுத்தாமல் உதட்டை மெல்லக் குவியுங்கள். 'ஓ'வுக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் தென் இங்கிலாந்துக்காரர்களின் வாயில் நடந்தது இவ்வளவுதான். யாரும் உத்தரவு போடவில்லை. பிள்ளைகள் பெற்றோரைவிட ஒரு நூல் அதிகமாக உதட்டைக் குவித்தார்கள், அவர்கள் பிள்ளைகள் இன்னும் ஒரு நூல். கல்லுக்கு 'ஸ்டான்' என்றிருந்தது 'ஸ்டோன்' ஆனது. 'ஹாம்' ஹோம் ஆனது, எலும்பாகிய 'பான்' போன் ஆனது, கயிறாகிய 'ராப்' ரோப் ஆனது. வரிசையில் நின்ற மாலும் மோல் ஆனது. வடக்கே ஸ்காட்லாந்தில் உதடு குவியவில்லை. அங்கே ஆ வேறு திசையில் நகர்ந்ததால் ஸ்காட்ஸ் மொழியில் வீடு 'ஹேம்', கல் 'ஸ்டேன்', எலும்பு 'பேன்'. இடைக்கால ஆங்கிலத்தில் 'மொல்' என்று ஒலித்த அகழெலியின் பெயரும் பிறகு நீண்டு மச்சத்தோடு சேர்ந்துகொண்டது.

நம் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. ஆறு என்றால் எண், ஆறு என்றால் நதி. ஆனால் சங்கப் பாடல்களில் நதி 'யாறு'. சொல்லின் முதலில் நின்ற யகரம் தேய்ந்துபோய், யாண்டு ஆண்டாகி, யாமை ஆமையாகி, யாடு ஆடாகி, பேச்சில் யானைகூட ஆனையாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் யாறும் ஆறாகி எண்ணோடு மோதிக்கொண்டது. தெலுங்கில் அதே 'யா' வேறு வழியில் போய் 'ஏ' ஆனது: நதி ஏரு, யானை ஏனுகு, ஆண்டு ஏடு. அதனால் அவர்களுக்கு நதியும் எண்ணும் மோதவில்லை. ஆனால் ஏழுக்கும் அங்கே ஏடு என்றுதான் பெயர். ஆக ஆண்டும் ஏழும் மோதிக்கொண்டன!

இரண்டு சொற்கள் ஒலியில் ஒத்திருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. யானைக்கு ஏனுகு, யாறுக்கு ஏரு, யாண்டுக்கு ஏடு என்று ஒரே ஒழுங்கில் வேறுபட்டு நிற்பதுதான் சாட்சி. இந்த ஒழுங்கைத் தேடித்தேடிச் சேர்த்துத்தான் மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் 1961-இல் திராவிட மொழிகளுக்கு வேர்ச்சொல் அகராதி போட்டார்கள். அந்த மாதிரி வேலைக்கு நம் ஊரில் காசு ஒதுக்கச் சொன்னால் யோசிப்பார்கள். மொழியின் பெருமை பேசும் விழா என்றால் பந்தல் உடனே எழும். விளைவு, 'மாலிக்யூல் என்பதே நம் மூலக்கூறுதான்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. மூலக்கூறு மிகப் பின்னால் நாம் உண்டாக்கிய கலைச்சொல். ஒலியும் பொருளும் சேர்ந்து அமைந்த அழகான ஆக்கம், அவ்வளவே. இந்தப் பார்வர்டுக்கும், மூக்கில் மச்சம் இருந்தால் பணம் கொட்டும் என்கிற மச்ச பலனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஜெர்மானியர்களும் சளைத்தவர்கள் இல்லை. அகழெலி முன்னங்காலால் மண்ணைத் தள்ளி மேலே குவிக்கும். ஆங்கிலத்தில் அதற்கு 'மோல்ட்வார்ப்', அதாவது மண்வீசி, என்றும் பழைய பெயர் உண்டு. ஜெர்மனில் மண்ணைக் குறித்த முன்பகுதி மக்களுக்கு மறந்துபோனதும், அதை 'மவுல்' என்று மாற்றிக்கொண்டார்கள். மவுல் என்றால் விலங்கின் வாய். பாவம், அது இப்போது 'மவுல்வுர்ஃப்', வாயால் வீசுவது! தமிழில் நாம் அதை எலி ஆக்கினோம். உண்மையில் அது மூஞ்சூறுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

வேதியியல் மோலின் கதை லத்தீனில் தொடங்குகிறது. 'மோலெஸ்' என்றால் பெருங்குவியல், பாரம். கடலில் கல்லைக் கொட்டிக் கட்டும் துறைமுகச் சுவருக்கு மோல் என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். இரண்டாம் உலகப் போரில், 1940-இல், பிரான்சின் டன்கிர்க் துறைமுகத்தில் ஜெர்மன் படையிடம் சிக்கிய பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்களில் பெரும்பாலோர் கப்பலேறித் தப்பியது அப்படிப்பட்ட 'கிழக்கு மோல்' மேல் நின்றுதான். அதே மோலெஸுக்குச் சிறுமை காட்டும் வால் ஒன்றை ஒட்டி 'மோலெகுலா', சின்னஞ்சிறு குவியல், என்றார்கள். மாலிக்யூல் பிறந்தது. 1890-களில் ஜெர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் அந்த வாலை நறுக்கிவிட்டு 'மோல்' என்றார். சிறியது மறுபடி பெரிய குவியலாகிவிட்டது.

பொருத்தமாகத்தான் ஆனது. 18 கிராம் தண்ணீர் ஒரு மோல். இருமல் மருந்தின் 10 மில்லி மூடியால் அளந்தால் இரண்டு மூடிகூட நிறையாது. அதற்குள் சுமார் 6.022 × 10²³ மூலக்கூறுகள். 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் என்று நிர்ணயித்துவிட்டார்கள்.

ஆக, வாசகியின் பாடப்புத்தக மோலுக்கு மச்சம் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. டன்கிர்க் சுவர்தான் பங்காளி. இதில் வேடிக்கை என்னவென்றால், மோல் என்று பெயர் வைத்த காலத்தில் ஓஸ்ட்வால்டுக்கு அணு, மூலக்கூறு எதிலுமே நம்பிக்கை கிடையாது. எல்லாம் கணக்குக்கு வசதியான கற்பனை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 1909 வாக்கில்தான், சோதனை முடிவுகளைப் பார்த்து, 'இருக்கின்றன' என்று ஒப்புக்கொண்டார்.