நீர்நாய்: நாயல்லாத நாய்

ஆங்கிலத்தில் ‘ஆட்டர்’ (otter) எனப்படும் விலங்குக்குத் தமிழில் புதுச்சொல் ஆக்கும் வேலையே நமக்கு இல்லை. நீர்நாய் என்ற பெயர் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. ஐங்குறுநூறு 63-ஆம் பாட்டில் பொய்கையில் கிடக்கும் ‘புலவுநாறு நீர்நாய்’ அன்றைய இரையாக வாளை மீனைப் பிடிக்கிறது. புலவு என்றால் மீன்வாடை. ஆற்றுப் பாறையில் நீர்நாய் இட்ட எச்சத்தைக் குனிந்து பார்த்தவருக்கு அந்த அடைமொழியின் அருமை புரியும்: செதிலும் முள்ளும் நண்டோட்டுத் துணுக்குமாக, மூக்கைத் துளைக்கும். இன்றைக்கும் கணக்கெடுக்கப் போகிறவர்கள் கரையில் முதலில் தேடுவது அதைத்தான்.

குறுந்தொகை 364 ‘வரிப்புற நீர்நாய்’ என்கிறது. இதற்கு முதுகில் வரி ஏது? நனைந்து கரையேறும்போது ரோமம் கற்றை கற்றையாக ஒட்டிக் கோடு போட்டதுபோல் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, இது நாயா? இல்லை, வீசல் (weasel) என்ற மெலிந்த சிறு ஊனுண்ணிக்கு உறவு. ஆனாலும் மலையாளத்தில் நீர்நாய, கன்னடத்தில் நீருநாயி, சிங்களத்தில் ‘தியபல்லா’, எல்லாம் தண்ணீர் நாய்தான். இந்திக்காரர்கள் மட்டும் இதில் பூனையைப் பார்த்து ‘ஊத்பிலாவ்’ என்றார்கள். அதன் முற்பாதி வடமொழி ‘உத்ர’. ஆங்கில ‘ஆட்டர்’, ‘வாட்டர்’ இரண்டுக்கும் அதே வேர்.

‘கடல் நீர்நாய்’ என்று எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். கடல் என்ற பிறகு நீர் எதற்கு என்று வெட்டினால் கடல்நாய் ஆகிவிடும், அது சீல் (seal) என்ற வேறு விலங்கு.

அப்புறம், ‘அழிந்துவரும் நீர்நாய்’ என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதுவதும் சரியல்ல. இந்தியாவில் மூன்று வகை உண்டு. காவிரியில் கூட்டமாக மீன் பிடிக்கும் வழுவழுப்பான ரோமம் கொண்டதும், மலை ஓடைகளில் நண்டு தேடும் சிறுநகம் கொண்டதும், உயிரினங்களின் அழிவு ஆபத்தைத் தரப்படுத்தும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் ‘அழிவாய்ப்பு இனம்’ (Vulnerable). தோலுக்கும், வீட்டில் வளர்க்கக் குட்டிகளுக்கும் நடந்த வேட்டை, ஆற்று மணல் அள்ளுதல், வெடிவைத்து மீன் பிடித்தல் எல்லாம் சேர்ந்த விளைவு இது. 2019-இல் இவ்விரண்டின் பன்னாட்டு வணிகத்தையும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கை தடைசெய்தது. இலங்கையிலும் இருக்கும் யூரேசிய நீர்நாய்க்கு ஆபத்து ஒரு படி குறைவு, ‘அச்சுறு நிலையை அண்மித்தது’ (Near Threatened). ‘அழிவாய்ப்பு’க்கு மேற்படியான ‘அருகிய இனம்’ (Endangered) என்ற சொல்லைக் கடல் நீர்நாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் அதன் இடம் அதுதான்.