வீட்டு போர்டிகோவில் ஆட்டோ பார்க்கை எவ்வளவு நம்பலாம்?

முன் பம்பரில் ஆறு, பின் பம்பரில் ஆறு என்று சட்டைப் பொத்தான் அளவில் பன்னிரண்டு வட்டங்கள். தானாக நிறுத்தும் வசதியுள்ள பெரும்பாலான கார்களுக்கு இவைதான் கண். கதவுகள் இருக்கும் நடுப்பகுதியில் ஒரு சென்சாரும் கிடையாது. வீட்டில் ஆட்டோ பார்க் போடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

பம்பர் முனையில் உள்ள சென்சார் ஒரு தூணைக் கடக்கும்போது அது இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்கிறது. தூண் கதவுக்கு நேராக வரும்போது கார் அதைப் பார்ப்பதில்லை. குறித்து வைத்த கணக்கை நம்பியே விலகிப் போகிறது. தூண் நகராது என்பதால் அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது. ஆனால் முனை கடந்து போன பிறகு ஒரு குழந்தை பக்கவாட்டில் வந்து நின்றால், அந்தக் கணக்கில் குழந்தை இல்லை. பக்கக் கண்ணாடிக்கு அடியில் கேமரா இருக்கிறதே என்று கேட்கலாம். பல கார்களில் அது திரையில் படம் காட்டுவதற்குத்தான். அதைப் பார்த்துக் கார் பிரேக் போடாது.

வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டோ பார்க்கில் கார் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நொடிக்கு 83 செ.மீ. ஏதோ தவறு என்று உணர்ந்து உங்கள் கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி போதும், ஆனால் அதற்குள் 83 செ.மீ. போய்விட்டிருக்கும். போர்டிகோவில் சுவருக்கும் காருக்கும் இடையே இருப்பதே 30 செ.மீ. அதனால் கார் தானாக நகரும் நேரம் முழுக்கக் கால் பிரேக் பெடலின் மேலேயே இருக்க வேண்டும், தரையில் அல்ல. 2025 ஜனவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, டெஸ்லாவின் ஆளில்லாமல் காரை வரவழைக்கும் வசதி குறித்து விசாரணை தொடங்கியது. கம்பங்களிலும் நின்றிருந்த கார்களிலும் மோதியதாக வந்த புகார்களில், போனில் அழுத்திப் பிடித்திருக்கும் பட்டனை விட்டுக் காரை நிறுத்தக்கூட நேரம் போதவில்லை என்பதே முக்கியமான விஷயம்.

இடத்தின் அளவுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி ஒரு கார் நிறுத்துமிடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். 2024 நவம்பரில் வந்த மஹிந்திரா எக்ஸ்இவி 9இ காரின் அகலம், பக்கக் கண்ணாடி சேர்க்காமல், 1.907 மீட்டர்; நீளம் 4.789 மீட்டர். இருபுறமும் பங்கு போட்டால் பக்கத்துக்கு 30 செ.மீ.கூட முழுதாக இல்லை. நீளத்தில் மொத்தம் 21 செ.மீ. பின் சுவருக்கு 30 செ.மீ. முன்பே கார் நின்றுவிட்டால் மூக்கு 9 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துக் கார் பழுது என்று சொல்லக்கூடாது. இடம்தான் போதவில்லை.

இனி, சென்சார் எதைக் கோட்டைவிடும் என்று பார்க்கலாம். அது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒலி திரும்பி வராவிட்டால், காரைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமில்லை. பார்க்கிங் சென்சாருக்கான ஐஎஸ்ஓ 17386 தரச் சோதனையில் நிறுத்திவைப்பது 75 மி.மீ. விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் கொண்ட குழாய். நம் வீட்டில் இருப்பவை அதைவிட மெலிந்தவை: அரை அங்குலத் தண்ணீர்க் குழாய், சைக்கிளின் கைப்பிடி, கிரில் கேட்டின் கம்பி. கம்பிகளின் இடைவெளி வழியாக ஒலி போய்விடும். கொடியில் தொங்கும் போர்வையும் சாக்கு மூட்டையும் ஒலியைக் குடித்துவிடும். தூணில் கார் உரசாமலிருக்கப் பஞ்சு போன்ற ஃபோம் ஒட்டுகிறார்களே, அதுவும் அப்படித்தான். தூணுக்குக் கவசம் வேண்டுமென்றால் வழவழப்பான கெட்டி ரப்பர் வாங்குங்கள்.

தாழ்வான பொருள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சென்சார் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஒலி கூம்பு வடிவில் விரிந்து போவதால், இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் பூந்தொட்டியோ ஆட்டுக்கல்லோ படுத்திருக்கும் நாயோ கூம்பின் கீழ் விளிம்பில் சிக்கும், பீப் கேட்கும். கார் இன்னும் நெருங்கும்போது அந்தப் பொருள் கூம்புக்கு அடியில் போய்விடுகிறது. பீப் நின்றுவிடும். பொருள் விலகிவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது பம்பருக்கு அடியில் இருக்கிறது. ஒலித்துக்கொண்டிருந்த பீப் திடீரென அடங்கினால் காரை நிறுத்தி, இறங்கிப் பாருங்கள்.

தலைக்கு மேலேயும் இதே கதை. ஏசி வெளி யூனிட், மின் மீட்டர் பெட்டி, பாதி ஏற்றிய ஷட்டர் எல்லாம் கூம்புக்கு மேலே நிற்பவை. மாடிப்படிக்கு அடியில் காரை விடும் வீடுகளில், சரிந்த அடிப்பக்கம் ஒலியை வேறு திசைக்குத் திருப்பிவிடும். இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. படியின் அடிப்பக்கம் காரின் டிக்கி உயரத்துக்கு இறங்கும் இடத்தில் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியுங்கள். அந்தக் குறிக்கு 30 செ.மீ. முன்னால், 4 அடி நீளம் 1 அடி அகலமுள்ள பிளைவுட் பலகையை, அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி, கார் வரும் திசைக்கு நேர் எதிராக நிற்கவையுங்கள். இப்போது சென்சாருக்கு ஒரு சுவர் கிடைத்துவிட்டது. கிரில் கேட்டுக்கும் இதே பலகை உதவும்.

பள்ளம் எந்தப் பம்பர் சென்சாருக்கும் தெரியாது. மூடி இல்லாத சம்ப், போர்டிகோ ஓரத்தில் விழும் ஒன்றரை அடி இறக்கம் போன்றவை இருந்தால் அங்கே ஆட்டோ பார்க் வேண்டவே வேண்டாம்.

தெருவிலிருந்து போர்டிகோவுக்கு ஏறும் சரிவு இன்னொரு தொல்லை. செங்குத்தான சரிவைச் சுவர் என்று நினைத்துக் கார் பாதியில் நின்றுவிடும். அல்லது சரிவு முடியும் விளிம்பில் சக்கரம் தடுக்கும்போது கார் மோட்டாருக்குக் கூடுதல் விசை கொடுக்கும். விளிம்பைத் தாண்டியதும் அதே விசையில் ஒரு தாவு தாவும். தரையில் பதித்த சக்கரத் தடுப்பிலும் இது நடக்கலாம். தடுப்பு இருக்கிறது, கார் நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். இப்படிச் சரிவுள்ள வீடுகளில் நீங்களே ஓட்டி ஏற்றிவிட்டு, சமதளத்துக்கு வந்த பிறகு வசதியை இயக்குவதே சரி.

வழியை நினைவில் வைத்து நிறுத்தும் கார்களில் டயரும் கணக்கில் சேரும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்தும் கார் தூரம் அளக்கிறது. டயர் மாற்றியதில் சுற்றளவு 3 சதவீதம் கூடிவிட்டால் 20 மீட்டருக்கு 60 செ.மீ. பிசகும். கேமரா இதைத் திருத்தப் பார்க்கும். ஆனால் வெயிலிலிருந்து இருட்டான போர்டிகோவுக்குள் நுழையும்போதும், ஈரமான டைல்ஸில் விளக்கொளி பிரதிபலிக்கும்போதும் கேமரா தடுமாறும். விளக்கை எதிர்ச்சுவரில் மாட்டாமல் பக்கச் சுவர்களில் மாட்டுங்கள்.

தானாக மூடும் கேட் வைத்திருப்பவர்கள் டைமரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 30 நொடியில் மூடும்படி வைத்திருப்பீர்கள். முன்னும் பின்னுமாக நகர்ந்து நிறுத்த ஆட்டோ பார்க்குக்கு அதைவிட அதிக நேரம் ஆகலாம். கேட்டும் காரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. பக்கவாட்டில் நகரும் கேட் வந்து முட்டும் இடமோ, சென்சாரே இல்லாத கதவுப் பகுதி. டைமரை அணைத்துவிட்டு ரிமோட்டில் மூடுங்கள்.

வீட்டில் பயன்படுத்தும் முன் காலி மைதானத்தில் சோதித்துவிடுங்கள். ஒரு மீட்டர் உயரக் காலி அட்டைப் பெட்டிகளை உங்கள் போர்டிகோவின் அளவில், தூண் இருக்கும் இடத்தில் தூணாக, சுவர் இருக்கும் இடத்தில் சுவராக அடுக்குங்கள். பகலில் ஐந்து முறை, இரவில் ஐந்து முறை காரை உள்ளே விட்டு, ஒவ்வொரு முறையும் பின்னாலும் இருபுறமும் இடைவெளியை டேப்பால் அளந்து எழுதுங்கள். ஒரே இடைவெளி ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் 10 செ.மீ.க்கு மேல் மாறினால், அந்தக் காரை 30 செ.மீ. சந்தில் தானாகப் போகவிட வேண்டாம்.

இறங்கி நின்று சாவியிலோ போனிலோ இயக்கும் வசதி இருந்தால், உங்களுக்கும் காருக்கும் இடையே இருக்கலாம் என்று, ஐரோப்பாவும் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி 79 சொல்லும் எல்லை 6 மீட்டர். பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் கார் நிற்க வேண்டும். காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். தொடங்கும் முன் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, குழந்தைகளை வாசற்படிக்கு மேலே ஏற்றி, பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சென்சாரைச் சோதிப்பது எளிது. இன்ஜினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ரிவர்ஸில் வையுங்கள். மின்சாரக் காரானால் உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு சென்சாரின் மீதும் விரல் நுனியை வைத்தால் மெல்லிய துடிப்பு தெரியும். ஒன்றில் மட்டும் துடிப்பு இல்லையென்றால் அது செத்துவிட்டிருக்கலாம். பம்பருக்கு டிங்கர் வேலை பார்த்து வந்த கார்களில் இன்னொரு குறையும் இருக்கும். சென்சாரின் முகம் மெல்லிய உலோகத் தகடு. அதன் மேல் பட்டி பூசிக் கனமாகப் பெயிண்ட் அடித்தால் அதிர்வு மங்கிவிடும், பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். பெயிண்ட் அடிக்கும் முன் சென்சார்களைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பம்பரை மாற்றினால் கேமரா, சென்சார் இரண்டுக்கும் காலிபரேஷன் (அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) செய்ததைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.