மென்மையான ஜோய்சியா புல் வேண்டுமா? முதலில் உங்கள் புல்வெட்டியைப் பாருங்கள்

புல்தரை அமைக்க அழைப்பவர்களிடம் நான்கைந்து ஜோய்சியா வகைகளைச் சிறு தட்டுகளில் கொண்டுபோய்க் காட்டுவது என் வழக்கம். எல்லோருடைய கையும் ஒரே தட்டுக்குத்தான் போகும். இலை நூல் போல மெலிந்து, அடர்ந்து, தடவினால் கம்பளம் மாதிரி இருக்கும் வகை அது. "இதையே போட்டுவிடுங்கள்" என்பார்கள். உடனே நான் கேட்பது: "உங்களிடம் என்ன புல்வெட்டி இருக்கிறது? வாரத்துக்கு எத்தனை தடவை வெட்ட ஆள் இருக்கிறது?" பலருக்கு இந்தக் கேள்வியே புதிதாக இருக்கும்.

இந்தத் தொழிலில் நான் பார்த்த, கெட்டுப்போன மென்வகை ஜோய்சியா தரைகளில் பெரும்பாலானவற்றைப் பூச்சியோ நோயோ கெடுக்கவில்லை. வகைக்குப் பொருந்தாத வெட்டுதான் கெடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் இயல்பாக வளரும் பேரினம் ஜோய்சியா. தரைக்குப் பயன்படுபவை முக்கியமாக மூன்று இனங்கள். ஜப்போனிகா அகன்ற இலை கொண்டது, குளிரைத் தாங்குவது. மாட்ரெல்லாவின் இலை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலம். பசிஃபிகாவின் இலை அதைவிடவும் மெலிந்தது. பழைய நூல்களில் இதற்கே டெனுயிஃபோலியா என்று பெயர். மூன்றுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 40 தான் என்பதால் ஒன்றோடொன்று எளிதில் கலக்கும். கடையில் இன்று கிடைக்கும் பல பெயர்கள் இந்தக் கலப்பில் பிறந்தவை.

எமரால்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொரியாவிலிருந்து வந்த ஜப்போனிகாவையும் குவாம் தீவிலிருந்து வந்த டெனுயிஃபோலியாவையும் சேர்த்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உருவாக்கி 1955இல் வெளியிட்டார்கள். மெல்லிய இலை, ஆழ்ந்த பச்சை, ஓரளவு நிழலையும் தாங்கும். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1951இல் வந்தது மேயர். கொரியாவிலிருந்து ஜோய்சியா விதைகளை அனுப்பிய ஃபிராங்க் மேயர் என்ற தாவரச் சேகரிப்பாளரின் பெயரைத் தாங்கிய ஜப்போனிகா அது. இலை சற்று அகலம், ஆனால் குளிர்தாங்கும் திறனில் எமரால்டு அதன் பக்கத்தில்கூட வராது. கடும் உறைபனி விழும் இடத்தில் இருப்பவர் எமரால்டு கேட்டால் நான் மேயரைத்தான் பரிந்துரைப்பேன்.

எமரால்டு தரை ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் அமைத்தது அல்ல. கெட்ட பிறகு என்னை அழைத்தார்கள். சாதாரண ரோட்டரி புல்வெட்டியால் 6 சென்டிமீட்டர் உயரத்தில், நேரம் கிடைத்தபோது வெட்டி வந்திருக்கிறார்கள். பசுமை குறைந்ததாகத் தோன்றியபோதெல்லாம் யூரியா போட்டிருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் நடந்தால் மெத்தைமேல் நடப்பது போலக் கால் புதைந்தது. வீட்டு விசேஷம் வருகிறதே என்று ஒருநாள் திடீரென்று 2 சென்டிமீட்டருக்கு இறக்கி வெட்டிவிட்டார்கள். மறுநாள் தரை முழுக்க வைக்கோல் நிறம்.

ஏன் அப்படி ஆனது? இந்தப் புல்லின் பச்சை இலை மேலே ஒரு மெல்லிய அடுக்காகத்தான் இருக்கும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வெயில் படாத பழுப்புத் தண்டு. உயரமாக விட விடப் பச்சை மேலே ஏறிக்கொண்டே போகும். ஒரே வெட்டில் இறக்கினால் இலை முழுவதும் போய்த் தண்டு மட்டும் மிஞ்சும். இதோடு தாட்ச் வேறு. மண்ணுக்கும் பச்சைக்கும் நடுவே சேரும் உயிரற்ற தண்டு, வேர்களின் அடுக்கைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஜோய்சியாவின் தண்டுகள் கடினமானவை, மெதுவாகத்தான் மக்கும். மென்வகைகளில் தண்டுகள் மிக நெருக்கம் என்பதால் அடுக்கு சீக்கிரம் தடிக்கும். 1.25 சென்டிமீட்டரைத் தாண்டினால் தண்ணீர் மண்ணுக்கு இறங்காது. வேரும் மண்ணை விட்டு அந்த அடுக்குக்குள்ளேயே ஓடத் தொடங்கும். பிறகு நாலு நாள் வெயிலுக்கே புல் வாடும்.

அந்தத் தரையைச் செங்குத்துக் கத்தியால் கீறி, மண்ணில் துளையெடுத்து, மெல்லிய மணல் தூவி மீட்க இரண்டு வளர்பருவங்கள் ஆயின. இந்த வேலையைப் புல் வேகமாக வளரத் தொடங்கிய பிறகுதான் செய்ய வேண்டும். உறங்கும் பருவத்தில் கீறினால் அது ஆறாது.

உரத்தில் கை நீளக்கூடாது. பெரும்பாலான மென்வகைகளுக்கு ஆண்டு முழுவதற்கும் சதுர மீட்டருக்கு 10 கிராம் தழைச்சத்து போதும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆக மொத்தம் 22 கிராம் யூரியா, அதையும் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துத்தான் போட வேண்டும். இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். வெளிறியது போலத் தெரிந்தால் முதலில் மண்ணின் அமில காரத் தன்மையையும் இரும்புச் சத்தையும் பாருங்கள்.

இனி மாட்ரெல்லா வகைகள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலிருந்து 1996இல் வந்தவை கேவலியரும் டயமண்டும். 2001இல் வந்தது ஸோரோ. கேவலியரை நான் விரும்பக் காரணம் அதன் பூச்சி எதிர்ப்பு. படைப்புழு அதைத் தின்று செழிப்பதில்லை. ஆனால் குளிர்தாங்குவதில் அதுவும் மேயருக்குப் பின்னால்தான். அதையும் ஒரு ஜப்போனிகாவையும் கலந்து பிறந்த இன்னோவேஷன், மேயர் அளவுக்குக் குளிரையும் தாங்கி, இலையிலும் மேயரைவிட மெலிந்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் பலருக்கு இந்த நடுவழி வகைதான் ஏற்றது என்பது என் கருத்து.

ஜியான் வேறு ஒரு மாட்ரெல்லா. 2016 ரியோ ஒலிம்பிக் கோல்ஃப் மைதானத்தின் பெரும்பரப்பில் போட்டது இதைத்தான். நிழல் கொஞ்சம் தாங்கும், தொட்டால் இதம். 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை வைத்து வெட்டலாம் என்பதால், மென்வகைகளிலேயே நமக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் புல் இது.

டயமண்டின் கதை வேறு. மாட்ரெல்லாவிலேயே மிக மெலிந்த இலை. நிழலையும் உப்பையும் தாங்குவதில் முன்வரிசை. ஜோய்சியா இலைகளில் உப்பை வெளியேற்றும் நுண்சுரப்பிகள் உண்டு. உவர்நீர் பாய்ச்சும் இடங்களில் மாட்ரெல்லா இலைமேல் உப்புத்துகள் மின்னுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எல்லாம் சரி, ஆனால் டயமண்டை 1.5 சென்டிமீட்டருக்கு மேல் விடக்கூடாது. அதற்கு உருளைக் கத்தி கொண்ட ரீல் புல்வெட்டி வேண்டும், வளர்பருவத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று வெட்டாவது வேண்டும், மேடு பள்ளமில்லாத தரை வேண்டும். கோல்ஃப் மைதானத்துக் குழிப்பரப்புக்குப் போடும் புல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெட்டும் வீட்டுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் ஒப்பந்ததாரர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜோய்சியா இலை விறைப்பானது, சிலிக்கா நிறைந்தது. கத்தியை வேகமாக மழுக்கும். மழுங்கிய கத்தி இலையை வெட்டாது, கிழிக்கும். நுனி நாராகி வெளுத்துப்போகும். தூரத்திலிருந்து பார்த்தால் நோய் வந்ததுபோல இருக்கும். மருந்து அடிப்பதற்கு முன் நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

உண்மையான நோய் எது என்றால் லார்ஜ் பேட்ச். ரைசோக்டோனியா பூஞ்சை இலையுறையின் அடியைத் தாக்கும். மண் குளிர்ந்து ஈரமாக இருக்கும் பருவங்களில், மீட்டர்க்கணக்கில் அகன்ற வட்டங்கள் ஓரத்தில் செம்மஞ்சளாகத் தெரியும். அந்த ஓரத்தில் ஒரு தண்டை இழுத்தால் அடி பழுப்பாகி எளிதில் கையோடு வரும். நீர் தேங்கும் இடத்தில்தான் இது ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. வடிகாலைச் சரிசெய்யாமலும் குளிர்பருவத்தை ஒட்டித் தழைச்சத்து போடுவதை நிறுத்தாமலும் மருந்தை மட்டும் நம்பாதீர்கள்.

பெயர்க் குழப்பத்தால் நான் ஏமாந்ததும் உண்டு. மாட்ரெல்லா என்று வாங்கிய புல்பாய்களில் மெல்லிய அருகு கலந்திருந்தது. இரண்டும் சிறிய இலை, முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பூக்க விட்டால் பிரித்துவிடலாம்: அருகுக்குப் பறவையின் கால்விரல் போல மூன்று முதல் ஏழு கதிர்க்கிளைகள், ஜோய்சியாவுக்கு ஒற்றைக் கதிர். இரண்டும் தரைகீழ்த் தண்டாலும் ஓடுதண்டாலும் பரவுபவை, அருகுதான் வேகம். ஒருமுறை கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது மிகக் கடினம். அதனால் இறக்கும்போதே பாய்களைப் புரட்டிப் பாருங்கள். கடையில் "கொரியன் புல்" என்று சொன்னால் அதோடு நிற்காமல் இனப் பெயரையும் வகைப் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் பசிஃபிகாவும் வரும், வேறும் வரும். வெட்டாமல் விட்டால் பசிஃபிகா குமிழ்குமிழாக மேடுகட்டி வளரும். பாறை இடுக்குகளில் அழகுக்காக அப்படி வளர்ப்பவர்களுக்கு அது சரி, பந்து விளையாடும் தரைக்கு அது ஆகாது.

பரவுவதில் எல்லா மென்வகையும் மெதுவே. 15 சென்டிமீட்டர் இடைவெளியில் சிறு திட்டுகளாக நட்டால்கூட மூடுவதற்கு ஒரு பருவம் முழுவதும் ஆகலாம். சில இடங்களில் இரண்டாம் பருவமும் போகும். அதுவரை களை எடுக்க ஆள் இல்லையென்றால் முழுப் பாயாகவே விரியுங்கள்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது இது. பிடித்த இரண்டு வகைகளை ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர் வாங்குங்கள். நல்ல வெயில் விழும் இடத்தில் நடாதீர்கள். உங்கள் நிலத்திலேயே மோசமான மூலையில், அரைநாள் நிழல் விழுந்து மழைக்குத் தண்ணீர் தேங்கும் இடத்தில் நடுங்கள். உங்களிடம் இருக்கும் புல்வெட்டியாலேயே, நீங்கள் வழக்கமாக வெட்டும் நாளிலேயே ஓர் ஆண்டு வெட்டிப் பாருங்கள். அடுத்த ஆண்டு அதே பருவத்தில் கத்தியால் ஒரு கட்டி வெட்டியெடுத்து, பச்சைக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் பழுப்பு இருக்கிறது என்று அளந்துவிட்டு என்னை அழையுங்கள்.