புரதத்தின் கைக்கு மூன்று இடுக்கு

செங்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "புரதத்தோட பக்கச் சங்கிலி எப்படி வேணும்னாலும் திரும்பும்தானே சார்? அப்புறம் அதைச் சோதிக்க இணையத்துல எதுக்கு இத்தனை கருவி?"

அமினோ அமிலங்களைக் கோத்த மாலைதான் புரதம். மாலையின் நூல் எந்தெந்தக் கோணத்தில் வளையும் என்பதை ஜி. என். ராமச்சந்திரன் குழுவினர் 1963-இல் சென்னையிலிருந்தே வரைபடமாகக் காட்டிவிட்டார்கள். மாணவி கேட்டது, நூலிலிருந்து வெளியே நீளும் பக்கச் சங்கிலியைப் பற்றி.

கணவாய்க் காற்றுக்காக எங்கள் பக்கம் நிற்கும் காற்றாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பின்னால் ஒன்று நேராக வரும் இடத்தில் நின்று பார்த்தால், முன்னதின் மூன்று இறக்கைகளுக்கு இடையே பின்னதின் இறக்கைகள் தெரியும்; சில நேரம் இறக்கைக்குப் பின் இறக்கை மறைந்தும் போகும். முன்னது நூலில் இருக்கும் ஆல்ஃபா கார்பன், பின்னது அதிலிருந்து நீளும் பக்கச் சங்கிலியின் முதல் அணுவான பீட்டா கார்பன். அணுக்களில் இறக்கைக்கு நேரே இறக்கை நிற்பது கட்டுப்படியாகாது; பிணைப்புகளின் எலக்ட்ரான்கள் தள்ளும். அதனால் பீட்டா கார்பனின் ஓர் இறக்கையாக அடுத்து வரும் காமா அணுவுக்கு மூன்றே இடுக்குகள்: ஏறக்குறைய -60, 60, 180 பாகை. இந்தக் கோணத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்தின் பெயரும் 'கை'தான்!

மூன்று இடுக்கும் ஒரே வசதி கொண்டவை அல்ல. ஆல்ஃபா கார்பனின் இறக்கைகளில் ஒன்று சின்ன ஹைட்ரஜன். மற்ற இரண்டும் முதன்மைச் சங்கிலியின், அதாவது மாலை நூலின், நைட்ரஜனும் கார்பனும்; பருத்தவை. அந்த இரண்டுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டிய 60 பாகை நிலையைப் பெரும்பாலான அமினோ அமிலங்கள் ஒதுக்கிவிடும். செரின் என்ற அமினோ அமிலமோ அங்கேயே அதிகம் போய் நிற்கும். அதன் ஆக்சிஜன் சின்னது. முதன்மைச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பும் போட்டுக்கொள்ளும். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

லைசின் என்ற அமினோ அமிலத்துக்கு இப்படித் திரும்பும் மூட்டுகள் நான்கு. மூட்டுக்கு மூன்று என்ற கணக்குப்படி 81 நிலைகள். பல நிலைகளில் அணுக்கள் முட்டிக்கொள்வதால் நடப்பில் காண்பது குறைவு. சோதனையில் கண்டறிந்த கட்டமைப்புகளை அலசி, எந்த நிலை எவ்வளவு வருகிறது என்று தொகுத்த பட்டியலே ரோட்டமர் நூலகம்.

மோல்புரோபிட்டி போன்ற கருவி அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, சந்தேகத்துக்குரிய கைகளைக் காட்டிக்கொடுக்கும். கட்டமைப்பைக் கண்டறிய உதவும் எக்ஸ் கதிருக்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். அதனால் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தின், இவ்விரண்டும் உள்ள நுனி தலைகீழாகப் பதிவாகிவிடுவதுண்டு. கருவி ஹைட்ரஜன்களைச் சேர்த்து, எந்தப் பக்கம் முட்டுகிறது என்று பார்த்தே அதைத் திருப்பிவிடும்.

இவை இலவசமாகக் கிடைப்பது ஆராய்ச்சி நிதியால்தான். புதுக் கண்டுபிடிப்புக்குப் பணம் தருபவர்கள், இருக்கும் கருவியைப் பராமரிக்கவும் தர வேண்டும். ஆய்வகமே இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் ஆய்வகம்.

அந்த மாணவியிடம் யுபிக்விட்டின் என்ற சிறிய புரதத்தில் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். மொத்தமே 76 அமினோ அமிலங்கள். முதலில் செரின்களைத் தேடிப் பார்க்கப் போகிறாளாம்.