ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் வந்தால் ஊருக்கே வந்ததாகிவிடுமா?

போன வாரமும் ஒரு தலைமையாசிரியர் போன் செய்தார். "சார், எங்க ஊராட்சி பட்டியல்ல 'இணைக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு. பள்ளிக்கூடத்துல மட்டும் ஏன் நெட் இல்லை?" பள்ளிக்கூடம் எங்கே என்று விசாரித்தால், ஊராட்சி அலுவலகத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கு அந்தப் பக்கம், வேறொரு குக்கிராமத்தில் இருக்கிறது. இணையம் கொண்டுவரும் ஃபைபர் கேபிளுக்கு வழித்தடம் திட்டமிடும் வேலையில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

'இணைக்கப்பட்டது' என்று வரைபடத்தில் வைக்கும் பச்சைப் புள்ளி ஊராட்சி அலுவலகம் என்ற ஒரு கட்டடத்தைக் குறிக்கிறது. அவ்வளவுதான். உங்கள் தெருவை இல்லை, உங்கள் வீட்டை இல்லை. 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசிய ஆப்டிகல் ஃபைபர் திட்டம்தான் பிறகு பாரத்நெட் ஆனது. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி வரை ஃபைபர் கொண்டுபோவதுதான் அதன் அடிப்படை இலக்கு. தமிழ்நாட்டில் இதற்காகவே 2018இல் டான்ஃபிநெட் நிறுவனம் தொடங்கப்பட்டது; 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) வேகம் என்று திட்டமிட்டார்கள். பெரிய வேலை, தேவையான வேலை. ஆனால் ஊராட்சி என்பது ஒரு நிர்வாக எல்லை. தமிழ்நாட்டில் குக்கிராமங்கள் மட்டும் சுமார் 79 ஆயிரம். சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு. கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது மலைப் பக்கம் போனால் ஒரே ஊராட்சியின் இரண்டு குக்கிராமங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கே இருக்கும். மேல்நிலைத் தொட்டி கட்டி முடித்ததும் எல்லார் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது சொல்வோமா? ஃபைபர் விஷயத்தில் மட்டும் சொல்கிறோம்.

இந்தத் தவறு நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் பல வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதி (கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதி) ஒன்றில் ஒரே ஓர் இடத்துக்கு இணைப்பு தர முடிந்தாலும், தொகுதி முழுவதும் இணைப்பு இருப்பதாகவே வரைபடம் காட்டியது. கிராமப்புறத் தொகுதிகள் பெரியவை என்பதால் விடுபட்ட வீடுகள் கணக்கிலேயே வரவில்லை. ஜார்ஜியா மாநிலம் பொறுக்க முடியாமல் 2020இல் ஒவ்வொரு வீடு, கடை என்று இடவாரியாகத் தனக்கென ஒரு வரைபடம் வெளியிட்டது. நாடு முழுவதற்கும் அப்படி ஒரு வரைபடம் 2022 நவம்பரில் வந்தது. தவறு இருந்தால் பொதுமக்களே முறையிடலாம் என்றும் வைத்தார்கள். அடுத்த வருடம் இணைய இணைப்புக்கான 4,245 கோடி டாலரை மாநிலங்களுக்குப் பிரித்துக்கொடுத்தது அந்த வரைபடக் கணக்கை வைத்துத்தான். படத்தில் "இருக்கிறது" என்று விழுந்துவிட்டால் அந்த இடத்துக்கு நிதி கேட்பது கஷ்டம். நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

"இணைப்பு இருக்கிறது" என்றாலும் எந்த வேகத்தில் என்று கேளுங்கள். 2023 ஜனவரி வரை நம் நாட்டில் 512 கேபிபிஎஸ் (சுமார் அரை எம்பிபிஎஸ்) இருந்தாலே பிராட்பேண்ட், அதாவது அதிவேக இணைப்பு. இப்போது 2 எம்பிபிஎஸ். முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கணினி அறைக்கு இது எந்த மூலைக்கு?

அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் போடும் இளைய பொறியாளர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். திரையில் நேர்கோடு இழுத்து இரண்டு கிலோமீட்டர் என்று எழுதாதீர்கள். கேபிள் கம்பம் கம்பமாகத்தான் போகும். ஏரியைச் சுற்றினால் அதுவே ஐந்து ஆகிவிடும். செயற்கைக்கோள் படத்தில் கூரையை எண்ணி வீட்டுக் கணக்கு எடுத்தால், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையெல்லாம் வீடாகிவிடும். களத்துக்குப் போய்ப் பாருங்கள்.

அப்புறம், வந்த இணைப்பையாவது காப்பாற்றுங்கள். ஊராட்சி அலுவலகத்தைப் பூட்டும்போது இணையக் கருவிகள் வைத்திருக்கும் ரேக்கின் சுவிட்சை அணைக்காதீர்கள். அதில் இருக்கும் ரூட்டர் உங்கள் அலுவலகத்துக்கு மட்டுமானதில்லை. வளையமாக இணைத்த இடங்களில் பக்கத்து ஊராட்சிக்குப் போகும் ஒரு வழியும் அதோடு அடைபடும். யூபிஎஸ் ப்ளக்கில் செல்போன் சார்ஜர் செருகாதீர்கள். கம்பத்தில் கேபிள் சுருட்டித் தொங்கினால் அது அறுந்தால் ஒட்டுவதற்காக விட்டிருக்கும் உபரி. வேண்டாத கேபிள் என்று வெட்டிவிடாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, செம்பு கிடையாது, எடைக்குப் போட்டாலும் காசு வராது. குழாய் பதிக்க, வாய்க்கால் வெட்ட ஜேசிபி கூப்பிடும் ஒப்பந்ததாரர்களே, தோண்டும் முன் தகவல் சொல்வதற்கென்றே 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலி வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. நீங்கள் ஒருமுறை வாளியை இறக்கினால் ஒன்றியத்தில் பாதி ஊருக்கு நெட் போய்விடுகிறது.

ஊராட்சித் தலைவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்தில், ஊராட்சித் தலைமைக் கிராமம் அல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்கும் இணைப்பு தர வழி உண்டு. ஆனால் கேட்டால்தான் தருவார்கள். எனவே அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் ஊராட்சியின் எல்லாக் குக்கிராமங்களையும் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம், பக்கத்தில் உள்ள மின்கம்பத்தின் எண், செல்போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, இன்று நெட் வருகிறதா இல்லையா, எல்லாவற்றையும் குறியுங்கள். தீர்மானமாக நிறைவேற்றி, ஒன்றிய அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். "எங்கள் ஊருக்கு நெட் இல்லை" என்று பொதுவாக எழுதிய மனுவை வைத்து என்னைப் போன்றவர்களால் ஒரு கோடுகூடப் போட முடியாது. கம்ப எண்ணோடு வந்தால் அன்றைக்கே அளக்கத் தொடங்கலாம்.