செயலமர்வு முடிந்த பிறகு பாடசாலையில் என்ன மிஞ்சுகிறது?

வன்னிப் பாடசாலைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயிற்சிக்கு ஒரு குறைவும் இல்லை. வலயக் கல்வி அலுவலகம் ஒரு செயலமர்வு வைக்கிறது. மாகாணத் திணைக்களம் இன்னொன்று வைக்கிறது. பாடத்திட்டம் மாறினால் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்திலிருந்து வளவாளர்கள், அதாவது பயிற்சி தருபவர்கள், வருகிறார்கள். தொண்டு நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு மண்டபம் பிடித்து, மதியச் சாப்பாடும் தந்து, இரண்டு நாள் உட்கார வைக்கின்றன. மண்டபத்தில் கேட்டது வகுப்பறைக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. ஆசிரியர்களுக்குக் கற்பித்தலில் வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகராக முல்லைத்தீவு, துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலைகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறவன் நான். பெரும்பாலும் வந்து சேர்வதில்லை என்றே சொல்வேன்.

2007 பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு, பிள்ளைகள் தாமே செய்து கண்டறிய இடம்தரும் ஐந்து படிநிலைக் கற்பித்தல் மாதிரி ஒன்று வந்தது. அதற்காக நாடு முழுவதும் பயிற்சி நடந்தது. அதன் பிறகு நான் பார்த்த பாடக்குறிப்புகளில் ஐந்து படிகளும் அழகான கையெழுத்தில் வரிசையாக இருந்தன. வகுப்புக்குள் போனால், கரும்பலகையில் எழுதுவதும் பிள்ளைகள் பார்த்து எழுதுவதும் முன்பு போலவே நடந்துகொண்டிருந்தன. இதற்காக ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவில் புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். விரிவுரை கேட்டும் செய்துகாட்டலைப் பார்த்தும் ஆசிரியர் அறிவைப் பெறுகிறார். ஆனால் அது வகுப்பறைப் பழக்கமாக மாறுவதற்கு, அவருடைய வகுப்பிலேயே ஒருவர் கூட இருந்து, பார்த்து, பேசித் துணைநிற்க வேண்டியிருக்கிறது. நமது ஏற்பாடுகளில் விரிவுரைக்குப் பணம் இருக்கிறது. கூட இருப்பதற்கு ஆள் இல்லை. ஓர் ஆசிரிய ஆலோசகருக்கு ஒரு வலயத்தின் பாடசாலைகள் அத்தனையும் தலையில் விழுகின்றன. மல்லாவியில் காலை தொடங்கினால் ஒட்டுசுட்டானுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாடசாலை விட்டுவிடும்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கல் தனியாக உண்டு. கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் முதல் நியமனம் பெறும் இளம் ஆசிரியர்களில் பலருக்கு ஊர் யாழ்ப்பாணம் அல்லது வவுனியா. சிலர் விடியற்காலை பஸ் ஏறி வந்து, பாடசாலை முடிந்த கையோடு திரும்புகிறார்கள். சிலர் அறை எடுத்துத் தங்கி வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிறார்கள். கட்டாய சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார்கள். கேட்பது அவர்களின் உரிமை. ஆனால் நான்கைந்து ஆண்டுகளில் அந்த ஆசிரியர் போன செயலமர்வுகள், பழகிய முறைகள், எந்தப் பிள்ளை எங்கே தடுமாறும் என்ற அனுபவம் எல்லாம் அவரோடு சேர்ந்தே பஸ் ஏறிவிடுகின்றன. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். கொழும்பிலோ கண்டியிலோ உள்ள பெரிய பாடசாலையில் ஒருவர் போனாலும் அதே பாடத்துக்கு இன்னும் நான்கு பேர் இருப்பார்கள். இங்கே கணிதத்துக்கு ஒருவர்தான் இருப்பார். சில பாடசாலைகளில் அவரும் இல்லை. ஆகவே வன்னியில் வாண்மை விருத்தியை, அதாவது ஆசிரியரின் தொழில்திறன் வளர்ச்சியை, தனியாளுக்குக் கொடுத்தால் போதாது. அது பாடசாலையில் தங்க வேண்டும்.

எப்படித் தங்கும் என்று கேட்பீர்கள். மாங்குளம் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிறிய பாடசாலையில் கண்டதைச் சொல்கிறேன். கணித ஆசிரியை தரம் 7 பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளை மேசையில் பரப்பியிருந்தார். சுற்றிவர ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர், விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், அதிபர். கொப்பிக்குக் கொப்பி ஒரே பிழை: அரையுடன் மூன்றிலொன்றைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டார்கள். "பொதுப் பகுதி எண் எடுக்க வேண்டும் என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன்" என்று கணித ஆசிரியை அலுத்துக்கொண்டார். அதிபர் தமிழ்ப் பாடம் கற்பித்து வந்தவர். அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "ரீச்சர், எனக்கே விளங்கவில்லை. ஐந்தில் இரண்டு ஏன் பிழை?" என்று கேட்டார். விஞ்ஞான ஆசிரியர் ஒரு கடதாசிக் கீற்றை மடித்துக் காட்டினார்: ஐந்தில் இரண்டு அரைவாசியைக் கூடத் தொடவில்லை. அரைவாசியோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு அது எப்படி அரைவாசியை விடக் குறையும்? அப்போதுதான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை வாய்திறந்தார். சின்ன வகுப்புகளில் ஐந்து கட்டத்தில் இரண்டுக்கு நிறம் தீட்டு என்றே பழக்குகிறோம், அதனால் பிள்ளைக்குப் பின்னம் என்றால் கட்டங்களை எண்ணுவது என்று மனத்தில் பதிந்துவிடுகிறது என்றார். அன்று இரண்டு தீர்மானங்கள் எடுத்தார்கள். தரம் 7இல் கணக்கைச் செய்வதற்கு முன்பு "விடை அரைவாசியை விடக் கூடுமா, குறையுமா?" என்று கேட்பது. ஆரம்பப் பிரிவில் கட்டத்தோடு கீற்றையும் கயிற்றையும் மடித்துப் பழக்குவது. இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியை ஆசிரியர் அறை அலுமாரியில் வைத்தார்கள். கணித ஆசிரியை நாளைக்கே மாற்றம் பெற்றுப் போனாலும் அந்தப் பக்கம் அங்கே இருக்கும்.

இதற்கு வளவாளர் தேவைப்படவில்லை, பதாகை தேவைப்படவில்லை. பிள்ளைகள் எழுதிய கொப்பிகளும் ஒரு பாடவேளையும் போதுமாக இருந்தன. ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியான மெய்ஜி காலத்திலிருந்தே ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர்கள் பிள்ளைகளை உன்னிப்பாகப் பார்த்து, பிறகு உட்கார்ந்து பேசித் திருத்தும் வழக்கம் இருக்கிறது. உலகம் அதைப் பாட ஆய்வு என்று கற்றுக்கொண்டது. எங்கள் நாட்டிலும் பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி நிகழ்ச்சித்திட்டம் என்று ஒன்று கடதாசியில் உண்டு. அதன் நோக்கமும் இதுதான். ஆனால் பல இடங்களில் அதையும் மண்டபச் செயலமர்வாக்கி, வெளியிலிருந்து ஒருவரை அழைத்து, சிற்றுண்டி கொடுத்து, கையொப்பம் வாங்கி, படம் எடுத்து அனுப்பிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பணம் செலவானதற்குச் சான்று இருக்கிறது. ஒரு பிள்ளையின் பிழை திருந்தியதற்குச் சான்று கேட்பவர் யாரும் இல்லை.

அடுத்தது வகுப்பறை அவதானிப்பு. எங்கள் மோட்டார் சைக்கிள் படலைக்குள் நுழைந்ததும் பாடசாலையின் முகமே மாறிவிடும். சத்தம் அடங்கும், பாடக்குறிப்புக் கொப்பி மேசைக்கு வரும், ஏற்கெனவே விளங்கிய பாடத்தை ஆசிரியர் இன்னொரு தரம் நடத்துவார். பிள்ளைகளும் சேர்ந்து நடிப்பார்கள். அந்த விசுவாசம் எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விடயம். மேற்பார்வைப் படிவத்தில் சரி அடையாளம் இட்டுப் போவதால் யாரும் எதையும் கற்பதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியரே சொல்லும்போது நிலைமை வேறு. "நான் கேட்கிற கேள்விக்கு யார் யார் பதில் சொல்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள், சேர்" என்று ஒரு ஆசிரியை கேட்டார். பின்வாங்கில் இருந்து வகுப்பின் இருக்கைப் படத்தைக் கீறி, பதில் வரும் இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைத்தேன். பாடம் முடிந்தபோது புள்ளிகள் அனைத்தும் முன்வரிசையிலும் ஜன்னலோர மேசையிலும் குவிந்திருந்தன. பின்னால் இருந்த பையன்கள் ஒரு பாடவேளை முழுவதும் வாய் திறக்கவில்லை. நான் எதுவும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. படத்தைக் கையில் வாங்கி அவரே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு சின்ன வழி மட்டும் சொன்னேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளைப் பதிவுசெய்து அளந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் காத்திருக்கிறார், அதற்குள் பதில் வராவிட்டால் தானே சொல்கிறார் அல்லது அடுத்தவரைக் கேட்கிறார் என்று கண்டார். மூன்று செக்கன் காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் கண்டார். மூன்று செக்கன் என்பது கேட்க இலேசாக இருக்கும். வகுப்பின் முன் நின்று மனத்துக்குள் மூன்று வரை எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இனி அதிபர்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ரொபின்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2008இல் பாடசாலைத் தலைமைத்துவம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இலக்கு வகுத்தல், வளங்களை ஒதுக்குதல், கற்பித்தலைத் திட்டமிட்டு மதிப்பிடுதல், ஒழுங்கான சூழலைப் பேணுதல், ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தாமும் பங்கேற்றல் என்று தலைமைத்துவத்தை ஐந்தாகப் பிரித்து, மாணவர் அடைவில் ஒவ்வொன்றின் தாக்கத்தையும் கணித்தார்கள். கடைசியாகச் சொன்னதன் தாக்க அளவு 0.84 (இந்த எண் கூடினால் மாணவர் அடைவில் தாக்கம் கூட என்று பொருள்). மற்ற நான்கும் 0.27க்கும் 0.42க்கும் இடையில். அடிப்படையான ஆய்வுகளின் தொகை பெரிதல்ல என்பதால் எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் "தாமும் பங்கேற்றல்" என்ற பகுதியை எங்கள் அதிபர்கள் கவனிக்க வேண்டும். செயலமர்வை ஆரம்பித்து வைத்து, விளக்கேற்றி, தன் அலுவலகத்துக்குப் போய்விடும் அதிபரால் அந்தத் தாக்கம் வராது. ஐந்தில் இரண்டு ஏன் பிழை என்று கேட்ட அதிபரால் வரும்.

அதிபர்களுக்கு நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. காலை உணவுத் திட்டத்தின் கணக்கு, பாடநூல் பகிர்வு, சீருடை, வராத ஆசிரியருக்குப் பதில் பாடவேளை, கிணற்று மோட்டார் பழுது, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம், இரவில் வேலியை முறித்த யானை, அதற்கிடையில் அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய தரவு. சிறிய பாடசாலையில் எழுதுவினைஞரும் இல்லை. அதிபர் சேவைக்குள் வருபவர்கள் போட்டிப் பரீட்சை எழுதி வருகிறார்கள். அதில் சித்தியடையத் தேவைப்படும் அறிவு பெரும்பாலும் சுற்றறிக்கையும் நிர்வாக நடைமுறையும். பிறகு மீப்பேயில் உள்ள கல்வித் தலைமைத்துவ விருத்தி நிலையம் போன்ற இடங்களில் பயிற்சி கிடைக்கிறது. அது பயனுள்ளதுதான். ஆனால் இன்னொருவரின் பாடத்தைப் பார்த்து, அவர் மனம் நோகாமல், அவருக்கு உதவும்படி பேசும் திறமை முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு பயிற்சிநெறியில் திடீரென வந்துவிடாது. பகுதித் தலைவராகவும் பாட இணைப்பாளராகவும் இருக்கும் காலத்திலேயே அது பழக வேண்டும். அந்தப் பதவிகளை வினாத்தாள் சேகரிக்கவும் வரவு ஒப்பமிடவும் மட்டுமே பயன்படுத்துகிறோம். நாளைய அதிபர் இன்று ஆசிரியர் அறையில் புள்ளிப் பட்டியல் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் உள்ளூர் ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் தொண்டர் ஆசிரியராக மரத்தடியிலும் கொட்டிலிலும் கற்பித்து, இடம்பெயர்ந்த இடமெல்லாம் பிள்ளைகளைத் திரட்டி, 2009க்குப் பிறகு மீள்குடியேறி வந்து, பின்னர் நிரந்தர நியமனம் பெற்றவர்கள் இன்றும் வகுப்பில் நிற்கிறார்கள். பட்டம் இல்லை என்ற காரணத்தால் செயலமர்வுகளில் பின்வரிசையில் இருத்தப்படுபவர்கள் இவர்கள். ஊரை விட்டுப் போகாதவர்களும் இவர்களே. எந்த வீட்டில் தகப்பன் இல்லை, எந்தப் பிள்ளை அறுவடைக் காலத்தில் வராது, யாருடைய அம்மம்மாவிடம் பேசினால் காரியம் நடக்கும் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். புதிதாக வரும் பட்டதாரி ஆசிரியரை முதல் தவணை முழுவதும் இவர்களில் ஒருவரோடு சோடி சேர்த்துவிட்ட பாடசாலைகளில், புதியவர் ஊன்றிக்கொள்ளும் வேகத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பழையவருக்கும் அதில் லாபம் உண்டு. ஆய்வுகூட உபகரணங்களையும் கணினியையும் தொடப் பயந்த ஒருவர் இளம் ஆசிரியையிடம் அதைப் பழகிக்கொண்டார்.

ஒரே பாடத்துக்கு ஒருவர் மட்டும் உள்ள பாடசாலைகளுக்கு அயற்பாடசாலைகள்தான் வழி. அயலிலுள்ள பாடசாலைகளை ஒரு குழுவாகச் சேர்க்கும் கொத்தணி முறை எங்களுக்குப் புதிதல்ல. நான்கு கிராமத்துப் பாடசாலைகளின் ஆங்கில ஆசிரியர்கள் தவணைக்கு ஒருமுறை ஒருவர் பாடசாலையில் கூடி, ஒருவரின் வகுப்பைப் பார்த்துவிட்டுப் பேசினால் போதும். இடையில் கைபேசிக் குழு இருக்கவே இருக்கிறது. அதில் காலை வணக்கப் படங்களைக் குறைத்து, பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்களின் படங்களைப் போடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். அது எங்கே கிடைக்கும்? பின்னேரத்தில் கிடைக்காது. பாடசாலை ஒன்றரைக்கு விட்டதும் பஸ் போய்விடும், அடுத்த பஸ் எப்போது என்று உறுதியில்லை. பின்னேரக் கூட்டம் வைக்கும் அதிபருக்கு முகம் சுளித்த ஆசிரியர்கள்தான் மிஞ்சுவார்கள். நேரம் இருப்பது நேரசூசிக்குள். நேரசூசி போடும் பிரதி அதிபர், சேர்ந்து பேச வேண்டிய இரண்டு மூன்று பேருக்கு ஒரே ஓய்வுப் பாடவேளையை ஒதுக்கிவிட்டால் செலவும் இல்லை, லீவும் இல்லை. அந்தப் பாடவேளையில் பதில் கடமை போடுவதில்லை என்று அதிபர் உறுதி தர வேண்டும். தராவிட்டால் இரண்டாவது கிழமையிலேயே அது காணாமல் போகும். ஆண்டின் தொடக்கத்தில் நேரசூசி தயாராகும் முன்பே இதைக் கேளுங்கள், சுவரில் ஒட்டிய பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள். இரண்டு கிழமைக்கு ஒரு பாடவேளை என்று கேட்டால் மறுப்பது கடினம். அப்படியும் மறுத்தால், வலயத்தில் உங்கள் பாடத்துக்குரிய ஆசிரிய ஆலோசகரிடம் சொல்லுங்கள். நேரசூசியைப் பற்றி அதிபரோடு பேசுவதும் எங்கள் வேலைதான்.