நிற்கும் வண்டி நிற்கிறது என்று கண்ணுக்கு எப்போது தெரியும்?

அமெரிக்காவின் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் விபத்து நடந்தால் ஓடி வருகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அந்த நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இப்படிப்பட்டவர்கள்தான். கடையிலோ பண்ணையிலோ வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் போட்டது போட்டபடி கிளம்புவார்கள். 1736-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிலடெல்ஃபியாவில் தொடங்கிய யூனியன் ஃபயர் கம்பெனி காலத்து வழக்கம் இது. தீயைச் சமாளிக்கப் பயிற்சி எடுத்த இவர்களுக்கு, நசுங்கிய காரிலிருந்து ஒருவரை மீட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வரும் வாகனமும் எமனாகிறது.

அவ்வளவு பெரிய வண்டி, அத்தனை விளக்குகள் சுழன்றுகொண்டிருக்க, எப்படி வந்து மோதுகிறார்கள்? குடி, தூக்கம், கைபேசி எல்லாம் காரணம்தான். ஆனால் எதுவும் குடிக்காமல், சாலையை நேராகப் பார்த்துக்கொண்டு வருபவரும் மோதலாம். நம் கண்ணுக்கே ஓர் எல்லை இருக்கிறது.

தொலைவில் உள்ள வாகனம் நகர்கிறதா நிற்கிறதா என்பதை, அதன் உருவம் கண்ணில் எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் மூளை கண்டுபிடிக்கிறது. அந்த வளர்ச்சி நொடிக்குச் சுமார் 0.003 ரேடியனுக்குக் (ரேடியன் என்பது கோணத்தை அளக்கும் அலகு) கீழே இருந்தால், நெருங்கும் வேகம் மனிதருக்குப் பிடிபடுவதில்லை என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். தீயணைப்பு வண்டியின் அகலம் 2.5 மீட்டர். நாம் வருவது மணிக்கு 105 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 29 மீட்டர். 300 மீட்டர் தொலைவில் உருவம் வளரும் வேகம் 0.0008 ரேடியன்தான். அந்த எல்லையைத் தொடும்போது இடைவெளி ஏறத்தாழ 155 மீட்டராகச் சுருங்கிவிடும். 300 மீட்டரிலேயே வண்டி கண்ணில் பட்டாலும், ஐந்து நொடி ஆன பிறகுதான் அது நிற்கிறது என்றே உறைக்கும்.

புரிந்த பிறகும் கால் பிரேக்குக்குப் போக நேரம் வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலை வடிவமைப்பாளர்கள் இதற்கு 2.5 நொடி ஒதுக்குகிறார்கள். அதற்குள் 73 மீட்டர் போய்விடும். மீதி 82 மீட்டர். காய்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்தால் 60 மீட்டர் போதும், தப்பித்துவிடலாம். மழையில் 105 மீட்டர் வரை தேவைப்படும். கவனமாக வந்த ஓட்டுநர்கூட மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போய் இடிப்பார்.

சாலையோரப் பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் அந்த ஐந்து நொடியை மீட்கத்தான். விபத்து இடத்துக்கு வெகு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகையும் ஆரஞ்சுக் கூம்புகளும் வைக்கிறார்கள். கூம்பு வரிசையைப் பார்த்ததும் 'இந்தத் தடம் அடைபட்டிருக்கிறது' என்று மூளை உடனே எடுத்துக்கொள்கிறது. உருவம் பெரிதாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அப்புறம் வண்டியை நிறுத்தும் விதம். தீயணைப்பு வண்டியைத் தடத்துக்குக் குறுக்கே சாய்வாக நிறுத்தி, அதன் மறைவில் வேலை செய்வார்கள். சாய்ந்து நிற்கும் வண்டி, ஓடும் வண்டியைப் போல் தோன்றாது. முன்சக்கரங்களை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி வைப்பார்கள். இடிபட்டு உருண்டாலும் வேறு பக்கம் போகட்டும் என்று. 18 டன் வண்டி மீது 2 டன் கார் முழு வேகத்தில் மோதினால், இரண்டும் சேர்ந்து மணிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்தில்தான் நகரும், பிரேக் போட்ட சக்கரங்கள் அதையும் சீக்கிரம் நிறுத்திவிடும். 36 டன் சரக்கு லாரி மோதினால் அது 70 கி.மீ. ஆகிவிடும். அதனால்தான் வண்டியை ஒட்டி நிற்காமல் இடைவெளி விட்டு வேலை செய்யச் சொல்கிறார்கள்.

வண்டியின் பின்புறத்தில் பாதிக்காவது சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்ந்த ரிஃப்ளெக்டர் பட்டைகள் ஒட்டியிருக்க வேண்டும் என்று விதித்தது, அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1901 எண் தரவிதியின் 2009 பதிப்பு. சாதாரணப் பெயின்ட் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும். இந்தப் பட்டைக்குள் நுண்ணிய கண்ணாடி மணிகளோ, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட பட்டகங்களோ இருக்கும். ஒளி ஓரளவு சாய்வாக வந்தாலும் வந்த வழியிலேயே திருப்பி அனுப்பிவிடும். 1969-இல் அப்போலோ 11 நிலவில் வைத்த கருவியும் இதே தத்துவத்தில் அமைந்தது. பூமியிலிருந்து விட்ட லேசர் பூமிக்கே திரும்புகிறது. சாலையில் ஹெட்லைட் ஒளி, அந்த ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்புகிறது. பளீர் மஞ்சள்-பச்சை நிற மேலங்கி வேலை செய்யும் விதம் வேறு. அது புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுவதால் பகலிலும் அந்திப் பொழுதிலும் பளிச்சிடும். இரவில் அதைக் காட்டிக்கொடுப்பது மேலே தைத்த ரிஃப்ளெக்டர் பட்டைதான்.

விளக்கு கூடக் கூட நல்லது என்று நினைப்பது தவறு. இரவில் கண் கூசினால், விளக்குக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் மறைந்துபோவார். அதனால் வண்டி நின்றதும் முன்னோக்கிச் சுழலும் வெள்ளை விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள்.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. அவசர வாகனம் ஓரத்தில் நின்றால் அடுத்த தடத்துக்கு மாறு, முடியாவிட்டால் வேகத்தைக் குறை என்ற விதியை 1996-இல் தென் கரோலினா கொண்டுவந்தது. இப்போது 50 மாநிலங்களிலும் இருக்கிறது. சொந்தக் காரில் நீல விளக்கோடு வந்து நிற்கும் தன்னார்வலர்களுக்கு நியூயார்க்கில் இந்தப் பாதுகாப்பு 2016-இல்தான் கிடைத்தது. எனக்கு இது மிகவும் தாமதமாகவே படுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் ஆளும் பணமும் வேண்டும். காலை உணவு விற்று நிதி திரட்டும் சிறிய நிலையங்களில், குறுக்கே நிறுத்த இரண்டாவது வண்டி இருக்காது. இருந்தாலும் வார நாள் மதியத்தில் அதை ஓட்ட ஆள் கிடைக்காது. தன்னார்வலர்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் 'சேஃபர்' என்ற கூட்டரசு நிதி உதவி இருக்கிறது. பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் 'ஃபயர் போலீஸ்' என்றொரு பிரிவும் உண்டு. அவர்களும் தன்னார்வலர்கள், போக்குவரத்தைத் திருப்பிவிடுவதே வேலை. ஏணி ஏற முடியாத வயதில் பலர் இந்தப் பணிக்கு வருகிறார்கள். வரும் வாகனங்கள் முதலில் சந்திப்பது அவர்களைத்தான். நன்கொடையில் புதிய மேலங்கியோ அம்புக்குறிப் பலகையோ வாங்க முடிந்தால், முதலில் அவர்களுக்குத்தான் போக வேண்டும்.